அமெரிக்காவில் போதை மீட்பு ஆலோசகர் படிப்புக்கு உதவித்தொகை பெறுவது எப்படி?

அமெரிக்காவில் ஆலோசகர் முதுகலைப் படிப்பில் சேருவோர் கல்விக் கட்டணத்தைக் கணக்கிடும் அளவுக்குக் களப்பயிற்சிக் காலத்துச் செலவைக் கணக்கிடுவதில்லை. ஆலோசகர் படிப்புகளின் தரத்தை மதிப்பிடும் அமைப்பான சிஏசிஆர்இபியின் அங்கீகாரம் பெற்ற படிப்புகளில் 100 மணி நேரத் தொடக்கப் பயிற்சியும் அதன்பின் 600 மணி நேர இன்டர்ன்ஷிப்பும் கட்டாயம். இவற்றுக்குப் பல மையங்கள் ஊதியம் தருவதில்லை. அதனால் பகல் வேலையை விட முடியாத மாணவர்கள், போதைப் பழக்கத்துக்கும் மனநோய்க்கும் உடல்நோய்க்கும் ஒரே கூரையின் கீழ் சிகிச்சை தரும் மையங்களை விட்டுவிட்டு, மாலையில் இடம் கிடைக்கும் ஏதோ ஒரு மையத்துக்குச் சென்றுவிடுகிறார்கள். ஆகவே பணத்தை முதலில் இந்தக் கட்டத்துக்கென்றே தேட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

இதற்கு முக்கிய வழி, கூட்டரசின் சுகாதாரத் துறையின் கீழுள்ள ஹெச்ஆர்எஸ்ஏ அமைப்பு. மனநலம், போதை மீட்பு ஆகிய துறைகளுக்குப் பணியாளர்களை உருவாக்க அது பல்கலைக்கழகங்களுக்கு மானியம் தருகிறது; பல்கலைக்கழகம் அதிலிருந்து களப்பயிற்சி மாணவர்களுக்கு உதவித்தொகை வழங்குகிறது. முதுகலை மாணவருக்கு 10,000 டாலர் என்ற அளவில் இது வழங்கப்பட்டிருக்கிறது. மாணவர் ஹெச்ஆர்எஸ்ஏவுக்கு நேரடியாக விண்ணப்பிக்க முடியாது என்பதால், சேருவதற்கு முன்பே துறைத் தலைவருக்கு எழுதி, மானியம் இப்போது கையில் இருக்கிறதா, எந்த ஆண்டில் முடிகிறது, எத்தனை பேருக்குக் கிடைக்கும் என்று கேட்டுவிடுங்கள். நீங்கள் இன்டர்ன்ஷிப்புக்குச் செல்லும் ஆண்டுக்கு முன்பே முடிந்துவிடும் மானியத்தால் உங்களுக்குப் பயனில்லை. குடியுரிமையோ கிரீன் கார்டோ இல்லாதவர்களுக்கு இத்தொகை கிடைக்காது. எஃப்-1 எனும் மாணவர் விசாவில் வரும் நம் ஊர் மாணவர்கள் பல்கலைக்கழகத்தின் உதவியாளர் பணிகளைத்தான் நாட வேண்டும்.

உதவித்தொகைக்கான விண்ணப்பக் கட்டுரையில் சேவை மனப்பான்மையைப் பற்றிப் பொதுவாக எழுதாமல், ஒருங்கிணைந்த சிகிச்சையில் உங்கள் வேலை என்ன என்பதைக் காட்டுங்கள். சர்க்கரை நோய்க்காக வந்தவர் காத்திருக்கும் அறையில் குடிப்பழக்கம் பற்றிய 10 கேள்விகள் கொண்ட ஆடிட் படிவத்தை நிரப்புகிறார். மதிப்பெண் உயர்ந்திருப்பதைக் கண்ட மருத்துவர் அப்போதே பயிற்சி ஆலோசகரை அறைக்குள் அழைத்து அறிமுகப்படுத்துகிறார். "அடுத்த வாரம் வேறு இடத்துக்குப் போங்கள்" என்று சீட்டு எழுதிக் கொடுத்தால் போகாமலே இருந்துவிடக்கூடிய ஒருவரிடம், அந்தச் சில நிமிடங்களில் பேசத் தெரிந்திருப்பதே நீங்கள் கற்க வேண்டிய திறமை. பூப்ரெனார்ஃபின் மருந்தைப் போதை மீட்புக்கு எழுத மருத்துவர்கள் தனி அனுமதி பெற வேண்டும் என்ற விதி 2022 டிசம்பரில் நீக்கப்பட்டதால், சாதாரண கிளினிக்குகளிலும் இத்தகைய பயிற்சிக்கு இடம் கேட்கலாம்.

தொகை கிடைத்ததும், வாழ்க்கைச் செலவுக்குப் பயன்படும் பகுதிக்கு வருமான வரி உண்டு என்பதை நினைவில் கொண்டு ஒரு பங்கை எடுத்து வையுங்கள்.

மீதமுள்ள கல்விக் கடனுக்கும் வழி உண்டு. ஸ்டார் எனப்படும் கடன் அடைப்புத் திட்டம், அங்கீகரிக்கப்பட்ட மையத்தில் 6 ஆண்டுகள் முழுநேரம் பணியாற்றுவோருக்கு 2,50,000 டாலர் வரை தருகிறது. இடையில் விலகினால் கடுமையான அபராதம் உண்டு. ஒப்பந்தத்தை வரிவரியாகப் படித்த பிறகே கையெழுத்திடுங்கள்.