இந்தியா ஃபுட்பால் டீமோட இருபது வருஷ ரெக்கார்டு: படிக்கிறப்ப தவிர்க்க வேண்டிய தவறுகள்

2004 ஜூன்ல சைத்தாமால ஜப்பான்கிட்ட 0-7. 2024 ஜனவரில கத்தார்ல நடந்த ஆசியக் கோப்பைல மூணு மேட்ச் ஆடி மூணும் தோல்வி, ஒரு கோல் கூட போடல. இந்த ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாத்துட்டு "இருபது வருஷமா நம்ம டீம் அப்படியே தான் கெடக்கு"ன்னு முடிவு கட்டிர்றாய்ங்க. மதுரைல ஃபுட்பால் பேசுற ஆளுகளே கொஞ்சம் தான், அவங்களும் இப்படித் தான் பேசுறாய்ங்க, ரேஸ்கோர்ஸ் கிரவுண்ட்ல பிராக்டிஸ் முடிச்சுட்டு வேர்வையோட வர்ற பயலுக கிட்ட கேட்டாலும் இதே பதில் தான், எனக்கு அதுதான் ரொம்ப வருத்தம், ஏன்னா அவனுக ஆடுறவனுக. காரைக்குடி பக்கம் கண்டனூர்ல இருந்து கெளம்பி சிவசக்தி நாராயணன் பெங்களூரு எஃப்சி வரைக்கும் போய் ஆடினாரு, நம்ம ஊர்ப் பயலுகளும் அப்படிப் போகணும்னா இந்தியா டீம் எங்க நல்லா நின்னுச்சு, எங்க சறுக்குச்சுன்னு அவனுகளுக்குச் சரியாத் தெரியணும்ல. அதனால ரெக்கார்டைப் பாக்குறப்ப நம்மாளுக அடிக்கடி பண்ற தப்பை எல்லாம் எழுதிர்றேன்.

பெரும்பாலும் நடக்குறது, ஜெயிச்சது இத்தனை டிரா இத்தனை தோத்தது இத்தனைன்னு மொத்தமாக் கூட்டி ஒரு சதவீதத்தைச் சொல்லிர்றது. மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்ல முகூர்த்த நாள் மல்லி வெலையையும் ஆடி மாச வெலையையும் கூட்டி ரெண்டால வகுத்துப் பாருங்க, அந்த வெலைக்கு எந்த நாளும் பூ கெடைக்காது. யாருகூட ஆடுனாய்ங்கன்னு பாக்காத சதவீதமும் அதே மாதிரி தான். 2016 ஜூன்ல லாவோஸை ஜெயிச்சதுல ஆரம்பிச்சு 2018 மார்ச்ல கிர்கிஸ்தான்கிட்ட 1-2ன்னு தோக்குற வரைக்கும் இந்தியாவுக்குத் தோல்வியே கெடையாது, கேக்க எம்புட்டு நல்லா இருக்கு. ஆனா அந்தக் காலத்துல ஆடுனது யாரு கூடன்னா லாவோஸ், பூர்ட்டோ ரீக்கோ, கம்போடியா, மியான்மர், நேபாளம், கிர்கிஸ்தான், மொரீஷியஸ், செயின்ட் கிட்ஸ், மக்காவ். ஜப்பான், கொரியா, ஈரான், ஆஸ்திரேலியா மாதிரி ஆசியாவோட மொத வரிசை டீம் ஒண்ணு கூட இதுல இல்ல. அதுக்காக அதைக் குப்பைன்னு தள்ளவும் கூடாது, ஏன்னா அந்த ஜெயிப்பு தான் 2019 ஆசியக் கோப்பைக்குக் கூட்டிட்டுப் போச்சு.

இதையே தலைகீழாவும் பண்றாய்ங்க. 2024ல இந்தியா 11 மேட்ச் ஆடுச்சு, ஒண்ணு கூட ஜெயிக்கல, 5 டிரா 6 தோல்வி. ஒடனே ஒருத்தர் வந்து "அண்ணே ஆஸ்திரேலியா, உஸ்பெகிஸ்தான், கத்தார் கூட எல்லாம் ஆடுனா அப்படித் தாண்ணே"ன்னு சமாதானம் சொல்வாரு. பாதி உண்மை. மிச்சப் பாதி என்னன்னா அதே வருஷம் கவுகாத்தில ஆப்கானிஸ்தான்கிட்ட 1-2ன்னு தோத்ததும், ஹைதராபாத்ல மொரீஷியஸ் கூட 0-0ன்னு முடிஞ்சதும் அந்த 11க்குள்ள தான் இருக்கு. எதிராளியைப் பாக்கணும்னா எல்லா வரிக்கும் பாக்கணும், நமக்குச் சாதகமான வரிக்கு மட்டும் பாக்கக்கூடாது.

டிராவை எல்லாம் ஒரே மாதிரி நெனைக்கிறது தான் என்னைப் பொறுத்தவரை இருக்கறதுலயே பெரிய தப்பு, இதைக் கொஞ்சம் விரிவாவே சொல்றேன். 2022 உலகக் கோப்பை க்வாலிஃபையர்ல இந்தியா ஆடுன 8 மேட்ச்சோட கணக்கு 1 வெற்றி, 4 டிரா, 3 தோல்வி, 7 பாயிண்ட், குரூப்ல மூணாவது எடம். காகிதத்துல பாத்தா சுமார்னு தோணும். உள்ள போய்ப் பாருங்க. 2019 செப்டம்பர் 5ஆம் தேதி கவுகாத்தில ஓமன் கூட மொத மேட்ச், 24வது நிமிஷத்துல நம்ம கேப்டன் சுனில் சேத்ரி போட்ட கோலை வச்சுட்டு 80 நிமிஷம் தாண்டியும் 1-0ன்னு முன்னாடி இருந்தோம், கடைசிப் பத்து நிமிஷத்துக்குள்ள ரெண்டு கோல் வாங்கி 1-2. அஞ்சு நாள் கழிச்சு தோஹால கத்தார் கூட மேட்ச், அப்ப அவனுக அந்த வருஷ ஆசியச் சாம்பியன், சேத்ரிக்கு ஒடம்பு சரியில்லாம ஆடவே இல்ல, கோல்கீப்பர் குர்ப்ரீத் தான் கேப்டன், அவரு மேல பந்து வந்துக்கிட்டே இருக்கு, தட்டிவிட்டுக்கிட்டே இருக்காரு, அப்படித் தட்டித் தட்டி 0-0ன்னு முடிச்சுக் குடுத்தாரு. அடுத்த மாசம் கொல்கத்தால, அம்புட்டு ஜனம் கூடியிருக்க பங்களாதேஷ் கூட 1-1, அதுவும் 88வது நிமிஷத்துல அதில் கான் தலையால முட்டிப் போட்ட கோல்ல தான் தப்பிச்சோம். நவம்பர்ல துஷன்பேல ஆப்கானிஸ்தான் கூட 1-1, அங்கயும் கடைசில, 90 நிமிஷத்துக்கு மேல குடுக்குற இஞ்சுரி டைம்ல, டௌங்கெல் போட்ட கோல் தான் காப்பாத்துச்சு.

மூணுமே டிரா, மூணுக்கும் ஒரு பாயிண்ட் தான். ஆனா தோஹால வந்தது சம்பாதிச்ச பாயிண்ட், கொல்கத்தால வந்தது ரெண்டு பாயிண்டைத் தொலைச்சுட்டு மிஞ்சுனது. அந்த கத்தார் மேட்ச்சை மட்டும் வச்சு "ஆசியச் சாம்பியனையே நிறுத்திட்டோம், இனி ஏறுமுகம் தான்"னு பேசுனவங்க அடுத்த மேட்ச்லயே தடுமாறிப் போனாய்ங்க. கோல் எந்த நிமிஷத்துல விழுந்துச்சுன்னு ஒரு தடவை பாத்திருந்தா அப்பவே தெரிஞ்சிருக்கும், இந்த டீம் கடைசிப் பத்து நிமிஷத்துல முன்னாடி இருந்தா தாங்காது, பின்னாடி இருந்தா விடாதுன்னு.

மேட்ச் சமமா முடிஞ்சா பெனால்டி அடிச்சு முடிவு பண்ற ஷூட்அவுட் விஷயத்துல நெறைய பேர் கொழம்பிர்றாய்ங்க. ஷூட்அவுட்ல முடிஞ்ச மேட்ச் ரெக்கார்டுல டிரா தான், கப்பு தூக்குனாலும் டிரா தான். இந்தியா நடத்துன 2009 நேரு கப் ஃபைனல்ல சிரியா கூட 1-1, 2012 நேரு கப் ஃபைனல்ல கேமரூன் கூட 2-2, தெற்காசிய நாடுகளோட போட்டியான சாஃப்ல 2023 செமில லெபனான் கூட 0-0, ஃபைனல்ல குவைத் கூட 1-1, நாலையும் இந்தியா பெனால்டில ஜெயிச்சுச்சு. வெற்றிக் கட்டத்துல இதைத் தேடுனா கெடைக்காது. அதே 2023ல தாய்லாந்துல நடந்த கிங்ஸ் கப்ல ஈராக் கூட 2-2ன்னு ஆடி பெனால்டில தோத்தோம், தோல்விக் கட்டத்துல அதுவும் கெடையாது. ஃபிஃபா ரேங்க் கணக்குல மட்டும் கொஞ்சம் வேற மாதிரி, சாதாரணமா ஜெயிச்சா 1, டிரா 0.5, ஷூட்அவுட்ல ஜெயிச்சா 0.75, ஷூட்அவுட்ல தோத்தாலும் 0.5 உண்டு. ஆக ஒரே மேட்ச் கப்புக் கணக்குல ஒரு மாதிரி, மேட்ச் கணக்குல ஒரு மாதிரி, ரேங்க் கணக்குல ஒரு மாதிரி நிக்கும், எந்தக் கணக்கைப் பேசுறோம்னு மொதல்ல சொல்லிட்டுப் பேசணும்.

அப்பறம், சீனியர் டீம் ஆடாத மேட்ச்சை எல்லாம் இதுல சேக்குறது. ஏசியன் கேம்ஸ்ல ஃபுட்பால் 2002ல இருந்தே 23 வயசுக்குட்பட்ட டீமுக்குத் தான் (2023ல மட்டும் 24), கூட மூணு பெரிய ஆட்களைச் சேத்துக்கலாம். 2023 ஹாங்சோ முடிவை சீனியர் டீம் கணக்குல போட்டு வையிறது அநியாயம். 2009 சாஃப் ஜெயிச்சதும், 2018 சாஃப் ஃபைனல்ல மாலத்தீவுகிட்ட 1-2ன்னு தோத்ததும் சின்னப் பயலுகளை வச்சு ஆடுன டீம். 2012 ஜனவரில டெல்லில பாயர்ன் மியூனிக் கூட 0-4ன்னு தோத்தது நம்ம பழைய கேப்டன் பாய்ச்சுங் பூட்டியாவுக்கு ஃபேர்வெல் மேட்ச், எதிர்ல ஆடுனது ஒரு கிளப், அது இன்டர்நேஷனல் மேட்ச்சே கெடையாது. எதிராளி பக்கமும் இதைப் பாக்கணும். 2012ல கேமரூனை ஜெயிச்சோம்னு சொல்றப்ப அவங்க பெரிய ஸ்டார் சாமுவேல் எட்டோவை ஜெயிச்ச மாதிரி ஒரு நெனைப்பு வரும், அந்த டீம்ல அவரு இல்ல, ஐரோப்பால ஆடுற பெரிய ஸ்டார் யாரும் வரல. அந்த ஃபைனல்ல நம்ம பயலுக ரெண்டு தடவை கோல் போட்டு ஆடுன ஆட்டத்தை நான் கொறைச்சுச் சொல்லல, வந்தது யாருன்னு தெரிஞ்சு சந்தோசப்படணும்னு தான் சொல்றேன்.

ரேங்க் கதை தனி. 2015 மார்ச்ல இந்தியா 173, இதுவரைக்கும் அதுக்குக் கீழ போனதில்ல. 2017 ஜூலைல 96. ரெண்டு வருஷத்துல 77 எடம் ஏறுனா ஆட்டமும் அம்புட்டு மாறிருச்சான்னு கேட்டா, இல்ல. அப்ப இருந்த கணக்கு வேற. ஒவ்வொரு வருஷத்துக்கும் மேட்ச் பாயிண்டோட சராசரி எடுப்பாய்ங்க, வருஷத்துக்கு அஞ்சு மேட்ச்சாவது ஆடலைன்னா அந்தச் சராசரியையும் கொறைச்சுருவாய்ங்க. 2014ல இந்திய சீனியர் டீம் ஆடுனது ரெண்டே ரெண்டு மேட்ச், கோவால பங்களாதேஷ் கூட 2-2, சிலிகுரில பாலஸ்தீனம்கிட்ட 2-3. ஆடவே ஆடாத டீமுக்கு எங்க இருந்து பாயிண்ட் வரும்? 173க்குப் பாதிக் காரணம் கிரவுண்ட்ல ஆடுன ஆட்டம், மீதிப் பாதி கிரவுண்ட்லயே எறங்காதது, அதுக்கு ஆடுறவங்களை வையக்கூடாது, மேட்ச் ஏற்பாடு பண்ண வேண்டியவங்களைத் தான் கேக்கணும். 2018 உலகக் கோப்பைக்கு அப்பறம் ஃபிஃபா அந்தச் சராசரி மொறையையே விட்டுருச்சு, இப்ப ஒவ்வொரு மேட்ச்சுக்கும் இருக்குற பாயிண்ட்ல கூட்டுவாய்ங்க இல்ல கழிப்பாய்ங்க, பலமான டீமை ஜெயிச்சா அதிகமாக் கூடும், ஃப்ரெண்ட்லியை விட க்வாலிஃபையருக்கு மதிப்பு ஜாஸ்தி. அதனால 2018க்கு முன்னாடி ரேங்கையும் பின்னாடி ரேங்கையும் ஒரே கோட்டுல போட்டு ஏறுச்சு எறங்குச்சுன்னு பேசுறது சரியில்ல.

இப்ப மொதல்ல சொன்ன ஆசியக் கோப்பைக்கு வருவோம். இந்த இருபது வருஷத்துல மூணு தடவை போயிருக்கோம், மூணு தடவையும் குரூப்லயே வெளிய, குரூப்ல கடைசி எடம். ரிசல்ட்டை மட்டும் பாத்தா மூணும் ஒண்ணு. 2011ல ஆஸ்திரேலியாகிட்ட 0-4, பஹ்ரைன்கிட்ட 2-5, தென்கொரியாகிட்ட 1-4, போட்டது 3 வாங்குனது 13. 2019ல தாய்லாந்தை 4-1ன்னு ஜெயிச்சோம், யுஏஇகிட்ட 0-2, பஹ்ரைன் கூட 90 நிமிஷம் வரைக்கும் 0-0, அந்த டிரா போதும்ங்கிற நெலமைல இஞ்சுரி டைம்ல ஒரு பெனால்டி குடுத்து 0-1. போட்டது 4 வாங்குனதும் 4. 2024ல ஆஸ்திரேலியாகிட்ட 0-2, உஸ்பெகிஸ்தான்கிட்ட 0-3, சிரியாகிட்ட 0-1, வாங்குனது 6, போட்டது சைபர்.

2011க்கும் 2024க்கும் நடுவுல டிஃபென்ஸ் எம்புட்டோ தேறியிருக்கு, வாங்குற கோல் பாதிக்கும் கீழ வந்திருக்கு. கோல் போடுறது செத்துப் போச்சு. "ஒண்ணும் மாறல"ன்னு சொன்னா இந்த ரெண்டு விஷயமும் மறைஞ்சு போகுது. 2005 ஜூன்ல குவெட்டால பாகிஸ்தான் கூட மொத மேட்ச்லயே கோல் போட்ட சேத்ரி, 2024 ஜூன்ல ஓய்வு எடுத்தப்ப 151 மேட்ச்ல 94 கோல், அந்த இருபது வருஷத்துல அவருக்குப் பக்கத்துல நிக்கக்கூட இன்னொரு ஆள் வரல. அந்த 94ஐ வச்சு மெஸ்ஸி கூட ஒப்பிட்டுச் சண்டை போடுறது ஒரு பக்கம், நேபாளம் மாலத்தீவு கூடப் போட்ட கோல் தானேன்னு தட்டி விடுறது இன்னொரு பக்கம், ரெண்டும் வேண்டாம். ஆசியக் கோப்பைல கொரியாவுக்கு எதிராவும் பஹ்ரைனுக்கு எதிராவும் போட்டவரு, தாய்லாந்துக்கு ரெண்டு போட்டவரு, ஆசிய ஃபுட்பால் அமைப்பு ஏஎஃப்சி நடத்துன 2008 சேலஞ்ச் கப் ஃபைனல்ல தஜிகிஸ்தானுக்கு ஹாட்ரிக் போட்டு 2011 ஆசியக் கோப்பைக்கே வழி பண்ணுனவரு அவரு தான்.

2020ல இந்தியா ஒரு மேட்ச் கூட ஆடல, கொரோனா. வருஷ வாரியா படம் போடுறவங்க அந்த எடத்தைத் தோல்வி மாதிரி காட்டாம வெத்தாவே விட்டுரணும்.

கடைசியா ஒண்ணு, ஒரு மேட்ச்ல நடந்த அநியாயத்தை மொத்தத்துக்கும் காரணமாச் சொல்றது. 2024 ஜூன் 11, 2026 உலகக் கோப்பை க்வாலிஃபையர்ல தோஹால கத்தார் கூட, ஜெயிச்சா மூணாவது ரவுண்டு. 37வது நிமிஷத்துல நம்ம சாங்டே கோல் போட்டு 1-0. 73வது நிமிஷத்துல குர்ப்ரீத் தடுத்த பந்து கோல் லைனைத் தாண்டி வெளிய உருண்டு போச்சு, அதை ஒரு கத்தார் பிளேயர் கால்ல இழுத்து உள்ள தள்ள, இன்னொருத்தர் கோல் போட்டாரு, ரெஃப்ரி குடுத்துட்டாரு, வீடியோ பாத்து முடிவைத் திருத்துற விஏஆர் அந்த ரவுண்டுல கெடையாது. அதுக்கப்பறம் இன்னொரு கோலும் வாங்கி 1-2. ரெக்கார்டுல வெறும் தோல்வின்னு தான் இருக்கு, பந்து வெளிய போன கதை அதுல வராது, அதை எழுதி வைக்கணும், கோவப்படுறதும் நியாயம். ஆனா பாயிண்ட் டேபிளையும் பக்கத்துல வச்சுப் பாருங்க. குவைத் 7 பாயிண்டோட மேல போச்சு, நமக்கு 5. மார்ச் மாசம் கவுகாத்தில, நம்ம ஊர்ல, சேத்ரியோட 150வது மேட்ச்ல, அவரே பெனால்டில கோல் போட்டு 1-0ன்னு முன்னாடி இருந்த ஆட்டத்துல ஆப்கானிஸ்தான்கிட்ட 1-2ன்னு தோத்தோம். அதை ஜெயிச்சிருந்தா 8 பாயிண்ட், கத்தார்ல தோத்திருந்தாலும் போயிருப்போம்.