ஓடுகிற சி ஃபர்ம்வேருக்குள் ரஸ்ட்டை நுழைப்பது எப்படி, எங்கே சிக்கும்

மைக்ரோகன்ட்ரோலர் வேலையில் புதிய மொழிகள் நிலைக்காமல் போவதற்கு மொழியின் குறை காரணமாக இருப்பது அரிது. சிப் கம்பெனி தருவதெல்லாம் சி-யில்தான் வருகிறது: ஹெச்ஏஎல் (வன்பொருளை அணுகும் லைப்ரரி), யூஎஸ்பி ஸ்டாக், புளூடூத் ஸ்டாக், மாதிரி கோடு, எர்ராட்டாவுக்கான (சிப்பில் உள்ள அறியப்பட்ட குறைகளுக்கான) மாற்றுவழி எல்லாமே. அடா 1983-லேயே தரப்படுத்தப்பட்ட மொழி. விமானத் துறையில் இன்றும் நன்றாகவே ஓடுகிறது. சாதாரண சென்சார் போர்டுக்கு அதை எடுப்பவர்கள் மிகக் குறைவு, காரணம் இதுதான்.

அதனால் முழு ஃபர்ம்வேரையும் (சிப்பில் ஓடும் ப்ரோகிராமை) மாற்றி எழுதக் கிளம்பாதீர்கள். ஓடிக்கொண்டிருக்கும் சி ப்ராஜெக்டில் ஒரே ஒரு மாட்யூலை மாற்றுங்கள். இங்கே ரஸ்ட் மொழியையும் எஸ்டிஎம்32 மைக்ரோகன்ட்ரோலரையும் வைத்துச் சொல்கிறோம்.

முதல் வேலை சிப்பைப் பார்ப்பது. எஸ்டிஎம்32எஃப்103 என்றால் கார்டெக்ஸ்-எம்3. அதற்கான டார்கெட் (எந்தச் சிப்புக்குக் கோடு என்று கம்பைலருக்குச் சொல்லும் பெயர்) ‘தம்ப்வி7எம்-நன்-ஈஏபிஐ’, ரஸ்ட்டின் நிறுவல் கருவியான ரஸ்ட்டப் மூலம் நேரடியாகவே கிடைக்கும். 8 பிட் பிக் சிப் என்றால் இதோடு விட்டுவிடுங்கள், ரஸ்ட் அதற்குக் கோடு உருவாக்காது. பழைய ஈஎஸ்பி32 எக்ஸ்டென்சா வகை. எஸ்பிரெசிஃப் தரும் தனி கம்பைலரை ‘ஈஎஸ்பிஅப்’ மூலம் இறக்க வேண்டும். ஈஎஸ்பி32-சி3 ரிஸ்க்-வி என்பதால் வழக்கமான ரஸ்ட்டே போதும். கார்டெக்ஸ்-எம்0-வில் வேறு தொல்லை: அட்டாமிக் கம்பேர்-அண்ட்-ஸ்வாப் (ஒப்பிட்டு மாற்றுவதை இடையூறின்றி ஒரே மூச்சில்) செய்யும் இன்ஸ்ட்ரக்ஷன் அதில் இல்லை. பல க்யூ லைப்ரரிகள் கம்பைலே ஆகாது. ‘போர்ட்டபிள்-அட்டாமிக்’ கிரேட்டில் (ரஸ்ட் லைப்ரரியை இப்படித்தான் அழைப்பார்கள்) கிரிட்டிக்கல்-செக்ஷன் வசதியைப் போட்டால், இன்டரப்ட்டைச் சிறிது நேரம் நிறுத்தி அந்த வேலையைச் செய்துகொடுக்கும்.

அடுத்து, எந்த மாட்யூல்? டிரைவரைத் தொடாதீர்கள். ஐ2சி டிரைவரை மாற்றி எழுதினால், சிப் கம்பெனி அதில் ஏற்கெனவே சேர்த்துவைத்த எர்ராட்டா மாற்றுவழிகளைத் தொலைத்துவிட்டு முதலிலிருந்து தேட வேண்டும். ரெஜிஸ்டரைத் தொடாமல், பைட் வாங்கிப் பைட் கொடுக்கும் பகுதி வேண்டும். மோட்பஸ் (தொழிற்சாலைக் கருவிகள் பேசிக்கொள்ளும் ப்ரோட்டோகால்) ஃப்ரேமைப் பிரிக்கும் பார்சர் மிகப் பொருத்தம். வெளியிலிருந்து வரும் நீள எண்ணை நம்பி அர்ரேயைத் தாண்டிப் படிப்பதுதான் சி-யில் அதிகம் அடிவாங்கும் இடம். ரஸ்ட்டின் பலனும் அங்கேதான் தெரியும். இன்னொரு லாபமும் உண்டு: அதே கோடை ‘கார்கோ டெஸ்ட்’ போட்டுப் பிசியிலேயே சோதிக்கலாம். நோ-எஸ்டிடி (ஸ்டாண்டர்ட் லைப்ரரி வேண்டாம்) அறிவிப்பையும் பேனிக் ஹேண்ட்லரையும் (ரஸ்ட் தொடர முடியாத பிழையில் ஓடும் ஃபங்ஷன்) டெஸ்ட் அல்லாத பில்டுக்கு மட்டும் என்று ‘சிஎஃப்ஜி’யில் கட்டுப்படுத்த வேண்டும்.

பில்டுக்கு: கிரேட் வகை ஸ்டாட்டிக்லிப், அதாவது சி ப்ராஜெக்டோடு லிங்க் செய்யும் ஸ்டாட்டிக் லைப்ரரி. ரிலீஸ் ப்ரொஃபைலில் ஆப்ட்-லெவல் ‘இசட்’, எல்டிஓ (லிங்க் நேரத்தில் தேவையற்ற கோடை வெட்டுவது) ஆன், கோட்ஜென்-யூனிட்ஸ் 1, பேனிக் அபார்ட். டீபக் தகவலையும் ஆன் செய்துவிடுங்கள். அது ஈஎல்எஃப் கோப்பில்தான் இருக்கும், ஃபிளாஷில் ஏறாது. பழைய டீபக் கருவிகளான ஜிடிபி, ஓப்பன்ஓசிடி, எஸ்டி-லிங்க் மூன்றும் அப்படியே வேலை செய்யும். சி கூப்பிட வேண்டிய ஃபங்ஷனுக்கு ‘எக்ஸ்டெர்ன் சி’யும் ‘நோ_மேங்கிள்’ குறியும் தேவை. 2024 எடிஷனில் அந்தக் குறியை ‘அன்சேஃப்’புக்குள் எழுதினால்தான் ஏற்கும். எல்லையைத் தாண்டிப் போவது பாயின்டர், நீளம், யூ8, யூ32 மட்டுமாக இருக்கட்டும். ஈனம் (பட்டியலிட்ட மதிப்புகளை மட்டும் ஏற்கும் வகை) வேண்டாம். சி பக்கத்திலிருந்து பட்டியலில் இல்லாத மதிப்பு வந்தால் ரஸ்ட்டில் அது அன்டிஃபைன்டு பிஹேவியர், என்ன நடக்கும் என்று சொல்லவே முடியாது. யூ8 ஆக வாங்கி உள்ளே மேட்ச் போட்டுப் பிரியுங்கள். ஹெடர் கோப்பைக் கையால் எழுதாமல் சிபைண்ட்ஜென் கருவியிடம் விடுங்கள்.

இனிச் சிக்கும் இடங்கள்.

லிங்கர் ‘விஎஃப்பி ரெஜிஸ்டர் ஆர்கியுமென்ட்ஸ்’ என்று கத்தினால் ஃப்ளோட் ஏபிஐ (தசம எண்களை ஃபங்ஷனுக்குக் கொடுக்கும் முறை) இரு பக்கமும் பொருந்தவில்லை. எஃப்பியூ (தசமக் கணக்குக்கான வன்பொருள்) உள்ள கார்டெக்ஸ்-எம்4-இல் சி பக்கம் ஹார்ட் என்றால், ரஸ்ட் டார்கெட்டின் பெயர் ‘ஹெச்எஃப்’ என்று முடிய வேண்டும்.

அதிகம் நேரம் தின்பது இன்டரப்ட் விஷயம். யுஎஸ்ஏஆர்டி1 (சீரியல் போர்ட்) இன்டரப்ட் ஹேண்ட்லரை ரஸ்ட்டில் எழுதி, பெயரும் சரியாக இருந்தும், முதல் பைட் வந்ததும் போர்டு டிஃபால்ட் ஹேண்ட்லரில் போய்ச் சுற்றிக்கொண்டே இருக்கும். ஸ்டார்ட்டப் கோப்பில் அதே பெயரில் வீக் சிம்பல் (வேறு வரையறை வந்தால் விட்டுக்கொடுக்கும் பெயர்) ஏற்கெனவே இருக்கிறது. லிங்கர் ஸ்டாட்டிக் லைப்ரரிக்குள் தேடுவது கிடைக்காத பெயர்களை மட்டும்தான். வீக் ஆனாலும் பெயர் கிடைத்துவிட்டதால் ரஸ்ட் ஃபங்ஷனை எடுக்காமலே விட்டுவிடும், எரரும் தராது. அதே ஆப்ஜெக்டில் உள்ள வேறு ஃபங்ஷன் கூப்பிடப்பட்டிருந்தால் கூடவே இதுவும் உள்ளே வந்துவிடும். ஒரு பில்டில் ஓடி அடுத்த பில்டில் ஓடாமல் போவது இப்படித்தான். தீர்வு எளிது: ஹேண்ட்லர் சி கோப்பிலேயே இருக்கட்டும், அங்கிருந்து ரஸ்ட் ஃபங்ஷனைக் கூப்பிடுங்கள்.

64 கேபி ஃபிளாஷில் அளவும் கவலைதான். ‘அ[இ]’ என்று அர்ரேயை எண் போட்டு எடுக்கும் ஒவ்வோர் இடத்திலும் எல்லைச் சோதனை, அதன் பின்னால் பேனிக், அதன் பின்னால் ஃபார்மேட்டிங் கோடு. அர்ரேயைக் ‘கெட்’ மூலம் எடுத்தால் பேனிக் வழியே இருக்காது. பேனிக் ஹேண்ட்லர் செய்தியை அச்சிடாமல் இருந்தால் எல்டிஓ மிச்சத்தில் பெரும்பகுதியை வெட்டிவிடும். மாற்றத்துக்கு முன்பும் பின்பும் ‘சைஸ்’ கட்டளை போட்டு எண்களைக் குறித்துக்கொள்ளுங்கள். குழுவில் கேட்கப்படும் முதல் கேள்வி அதுவாகத்தான் இருக்கும்.

பேனிக்கில் வெறும் லூப் வைத்து டிவைஸைக் களத்துக்கு அனுப்பாதீர்கள், அப்படியே உறைந்து நிற்கும். ஹார்ட்ஃபால்ட்டில் (ப்ராசஸரே கண்டுபிடிக்கும் கடும் பிழையில்) சி எந்த ஃபங்ஷனைக் கூப்பிடுகிறதோ அதையே கூப்பிட்டு ரீசெட்டுக்குப் போங்கள்.

இரண்டாவது மாட்யூலையும் மாற்றும்போது இன்னொரு ஸ்டாட்டிக்லிப் உருவாக்க வேண்டாம். இரண்டிலும் பேனிக் ஹேண்ட்லர் இருக்கும், டூப்ளிகேட் சிம்பல் என்று லிங்க் நின்றுவிடும். எல்லாக் கிரேட்டையும் சேர்க்கும் ஒரே மேல்கிரேட் போதும்.

ஃபர்ம்வேரைப் பத்து வருடம் கழித்தும் திறக்க வேண்டிவரும். கம்பைலர் பதிப்பை ‘ரஸ்ட்-டூல்செயின்’ கோப்பில் எழுதி வையுங்கள், கார்கோ லாக் கோப்பைக் கிட் ரெப்போவில் சேருங்கள், ‘கார்கோ வெண்டர்’ போட்டு வெளிக் கிரேட்டுகளின் சோர்ஸையும் ரெப்போவிலேயே வையுங்கள். பிறகு நெட் இல்லாத ஒரு மெஷினில், வேறொருவரை ஒருமுறை முழு பில்டு எடுக்கச் சொல்லுங்கள்.