வலைப்பதிவுக்கு ஆள் வரவேண்டுமானால் செய்யக்கூடாதவை

போன வாரம் பூம்பாறையிலிருந்து ஒரு தம்பி வந்திருந்தார். வீட்டில் இரண்டு அறைகளைச் சுற்றுலா வருகிறவர்களுக்கு விடுகிறார்கள், கொஞ்சம் மலைப்பூண்டும் போடுகிறார்கள். ஆறு மாதமாக வலைப்பதிவு எழுதுகிறாராம். "அண்ணே, நல்லாத்தான் எழுதறேன். ஒருத்தரும் வரமாட்டேங்கிறாங்க" என்று போனை நீட்டினார். வாங்கிப் பார்த்தேன். இருபது வருஷத்துக்கு முன்னால் நான் செய்த கூத்து ஒன்று விடாமல் அதில் இருந்தது.

எழுத்துப்பிழை, கண்ணைக் குத்தும் பின்னணி நிறம், தானாகப் பாடும் பாட்டு இதெல்லாம் போகப்போகச் சரியாகிவிடும். மற்றதைச் சொல்கிறேன்.

தலைப்பில் கவிதை

பூண்டைப் பற்றிய அவருடைய பதிவுக்குத் தலைப்பு 'மண்ணின் வாசம்'. உள்ளே நல்ல சரக்கு. பூண்டைக் கட்டித் தொங்கவிட்டுப் புகை காட்டுவது, 2019-ல் கொடைக்கானல் மலைப்பூண்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது எல்லாம் இருக்கிறது. ஆனால் பூண்டு வாங்க நினைக்கிற மதுரைக்காரர் 'மண்ணின் வாசம்' என்றா தட்டப்போகிறார்? 'மலைப்பூண்டு எங்கே கிடைக்கும்' என்றுதான் தட்டுவார். 2024 மே 7 முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் வர இ-பாஸ் வேண்டும் என்று ஆனதே, அன்றைக்கு 'கொடைக்கானல் இ-பாஸ் எடுப்பது எப்படி' என்று மொட்டையாகத் தலைப்பு வைத்து நாலு பத்தி எழுதினேன். நான் ரசித்து ரசித்து எழுதிய எந்தப் பதிவுக்கும் அவ்வளவு பேர் வந்ததில்லை. வருத்தம்தான், என்ன செய்ய?

ஊர்ப்பெயர்

பலர் 'கோடைக்கானல்' என்று நெடிலில் தட்டுகிறார்கள். ஊட்டிக்கு உதகை, உதகமண்டலம் என்று இன்னும் இரண்டு பெயர். எல்லாம் பதிவுக்குள் ஒரு தடவையாவது வரட்டும்.

பழைய பட்டியல்

'டெக்னோராட்டியில் பதிவு செய்யவும், கூகுள் ப்ளாக் சர்ச்சில் சேர்க்கவும், தினமும் ஐந்து முறை பிங் செய்யவும்' என்று எங்கிருந்தோ எடுத்து ஒரு தாளில் எழுதி வைத்திருந்தார். தாள் புதுசு, விஷயம் பழசு. 2002-ல் வந்த டெக்னோராட்டி, 2005-ல் வந்த கூகுள் ப்ளாக் சர்ச் இரண்டும் வலைப்பதிவுகளுக்கென்றே இருந்த தேடுபொறிகள். பதிவைப் போட்டதும் 'புதுசு வந்திருக்கிறது' என்று ஒரு பிங் போகும். அவை நம் ஓடையை, அதாவது புதுப் பதிவுகள் தானாக வரிசையாக வரும் ஃபீடை, வந்து படித்துக்கொள்ளும். ஓடையில் முதல் நாலு வரியை மட்டும் விட்டால் அந்த நாலு வரிதான் தேடலில் சிக்கும். தமிழுக்கு 2004-லிருந்து, தமிழ் வலைப்பதிவுகளின் புது இடுகைகளை ஒரே இடத்தில் திரட்டிக் காட்டும் தமிழ்மணம் இருந்தது. அதன் முகப்பில் நம் இடுகை கீழே இறங்கி மறைவதற்குள் யாராவது பின்னூட்டம் போடமாட்டார்களா என்று கொடைக்கானல் மூஞ்சிக்கல் பக்கத்து பிரவுசிங் சென்டரில் மணிக்கணக்கில் உட்கார்ந்திருப்போம். டெக்னோராட்டி, கூகுள் ப்ளாக் சர்ச் இரண்டின் கதையும் 2014-ல் முடிந்தது. இன்று வலைப்பதிவைத் தேடுவதற்கென்று தனிச் சந்து கிடையாது. எல்லோரும் வருகிற பொதுத் தேடல்தான் வழி.

பிங்

தளவரைபடத்தை, அதாவது நம் பக்கங்களின் பட்டியலான சைட்மேப்பை, பிங் செய்யும் வழியைக்கூட கூகுள் 2023-ல் மூடிவிட்டது. தாளைக் கிழித்துப் போடுங்கள்.

முகவரியை மாற்றுவது

தாளைக் கிழித்த கையோடு தம்பி கேட்டார்: "அண்ணே, பேரு நல்லால்ல. அட்ரஸை மாத்திடட்டுமா?"

எனக்கு இன்னும் ஆறாத புண் அது.

2006-ல் இங்கே கொடைக்கானலில் குறிஞ்சி பூத்தது. நான் பதிவு ஆரம்பித்த புதிது. எந்தச் சரிவில் பூத்திருக்கிறது, எந்த பஸ்ஸில் ஏறி எங்கே இறங்க வேண்டும், குறிஞ்சி ஆண்டவர் கோயிலிலிருந்து எப்படிப் போவது என்று எல்லாவற்றையும் இ-கலப்பை என்ற தமிழ்த் தட்டச்சு மென்பொருளில் தட்டி ஒரே பதிவாகப் போட்டேன். அந்தக் காலத்துப் பதிவர்கள் பலர் அதற்குச் சுட்டி (லிங்க்) கொடுத்தார்கள். சீசன் முடிந்தது, பதிவு தூங்கிப்போனது. ஆனால் குறிஞ்சிக்குக் கணக்கு பன்னிரண்டு வருஷம். 2018-ல் மறுபடி பூக்கும், அப்போது ஜனம் தேடும், தேடினால் என் பதிவுதான் முன்னால் நிற்கும். பன்னிரண்டு வருஷம் பழுத்த பதிவு.

அந்த 2018 ஜூனில், பூ வர இரண்டு மாதம் இருக்கும்போது, எனக்குப் புத்தி கெட்டது. பழைய முகவரி விளையாட்டுப் பேர், கடைசியில் ஒரு 77 வேறு. நாலு பேர் பார்க்கப்போகிறார்களே, கௌரவமாக இருக்கட்டும் என்று அமைப்புகளுக்குள் போய், கூகுளின் ப்ளாக்கர் இலவசமாகத் தரும் ப்ளாக்ஸ்பாட் முகவரியை மாற்றினேன். ஒரு நிமிஷ வேலை.

தேடுபொறிக்கு நம் பேரும் தெரியாது, ஊரும் தெரியாது. அதற்குத் தெரிந்தது முகவரி ஒன்றுதான். புது முகவரி என்றால் நேற்றுப் பிறந்த குழந்தை. பன்னிரண்டு வருஷமாகச் சேர்ந்த சுட்டியெல்லாம் பழைய வாசலையே காட்டிக்கொண்டிருந்தன, அங்கே வீடு இல்லை. இப்படி மாற்றினால் பழையதிலிருந்து புதியதற்குத் தானாகத் திருப்பிவிடும் ஏற்பாடு கிடையாது. அதை நான் படித்துப் பார்க்கவில்லை, தப்பு முழுக்க என்னுடையதுதான். அதோடும் போகவில்லை. கைவிட்ட பெயரை வேறு யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். எடுத்தார்கள். ஆகஸ்டில் குறிஞ்சி தேடி பழைய சுட்டியை அமுக்கியவர்களுக்குச் சீட்டாட்ட விளம்பரம் வந்தது. "என்ன சார், இந்தத் தொழில் எப்போ ஆரம்பிச்சீங்க?" என்று ஒரு பழைய பதிவர் போன் போட்டுக் கேட்டார்.

பூ இரண்டு மாதம் மலையெல்லாம் நீலமாக நின்றது. என் பதிவுக்கு நாளுக்குப் பத்துப் பேர்கூட வரவில்லை.

பேர் பிடிக்கவில்லையா, மேலே தெரிகிற தலைப்பை மாற்றுங்கள், முகவரியில் கை வைக்காதீர்கள். மாற்றியே தீரவேண்டும் என்றால் சொந்த டொமைன் (காசு கட்டி எடுக்கும் தனி முகவரி) வாங்கி ப்ளாக்கரில் இணையுங்கள். அப்போது பழைய ப்ளாக்ஸ்பாட் முகவரிக்கு வருகிறவர்கள் தானாகவே புதியதற்கு வந்துவிடுவார்கள். ஏற்கெனவே என்னைப்போல் மாற்றித் தொலைத்திருந்தால், இந்த நிமிஷமே பழைய பெயரில் ஒரு காலி வலைப்பதிவைத் திறந்து 'வீடு மாறிவிட்டோம்' என்று சுட்டி போட்டு வையுங்கள், இன்னொருவர் எடுப்பதற்குள்.

இதே வியாதி ஒற்றைப் பதிவிலும் வரும். தமிழில் தலைப்பு வைத்தால் ப்ளாக்கர் அதை முகவரியில் சேர்க்காது, 'ப்ளாக்-போஸ்ட்_17' என்று ஏதோ போட்டுக்கொள்ளும். வெளியிடுவதற்கு முன் ஆங்கில எழுத்தில் நீங்களே ஒரு முகவரி கொடுங்கள். வெளியிட்டு மாதக்கணக்கானதை அழகுக்காகத் திருத்தாதீர்கள். 17 இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும்.

படத்துக்குள் எழுத்து

வாட்ஸப்புக்குச் சரி. தேடலுக்கு அதை நம்பாதீர்கள்.

பாமினி

பாமினி பழைய தமிழ் எழுத்துரு, ஆங்கில எழுத்துகளின் மேல் தமிழ் வடிவத்தை ஏற்றியது. அச்சகத்தில் வாங்கிய அப்படிப்பட்ட கோப்பை, இணையத்தில் இப்போது எல்லோரும் பயன்படுத்தும் யூனிகோடுக்கு மாற்றாமல் ஒட்டினால், உங்கள் தமிழ் தேடுபொறிக்கு ஆங்கிலக் கிறுக்கல்.

பூட்டு

வேர்ட்பிரஸில் 'தேடுபொறிகள் வரவேண்டாம்' என்று ஒரு கட்டம் இருக்கும். அதில் டிக் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். சிரிக்காதீர்கள், தம்பி வேறொரு தளத்தில் அதைப் போட்டுவிட்டுத்தான் மூன்று மாதம் காத்திருந்தார்.

நான் கடைசியில் 2020 மார்ச்சில் டொமைன் வாங்கினேன். ஒரே தடவையில் அதிகபட்சம் பத்து வருஷத்துக்குத்தான் கட்ட முடியும், கட்டினேன். அப்புறம் ஒரு நாள் விரல் விட்டு எண்ணும்போதுதான் உறைத்தது: அது முடிவது 2030 மார்ச்சில், குறிஞ்சி பூப்பது அதே வருஷம் ஆகஸ்டில். போன வருஷம் இன்னும் இரண்டு வருஷத்துக்குச் சேர்த்துக் கட்டிவிட்டேன்.