மாட்டுக்குக் காசநோய்ச் சோதனை ஊசியா? தோலை முதலே அளந்து எழுதுங்கோ

மாட்டின் கழுத்தில் காசநோய்ச் சோதனை ஊசி போட முன்னம், அந்த இடத்து மயிரைக் கத்தரித்து, தோலை மடித்துப் பிடித்து, வேணியர் இடுக்கிமானியால் தடிப்பை அளக்கச் சொல்லுங்கோ. அந்த அளவைக் கொட்டில் கப்பில் வெண்கட்டியால் எழுதினாலும் போதும். 72 மணித்தியாலத்தில் அதே இடத்தை அதே ஆளே திரும்ப அளக்க வேணும்.

ஒற்றை ஊசிச் சோதனையில் தடிப்பு 4 மில்லிமீற்றர் கூடினால் நோய் என்று எடுப்பினம். 2 வரைக்கும் என்றால் இல்லை. இந்தச் சின்ன வித்தியாசம் கண்ணுக்கோ கைக்கோ பிடிபடாது. ஆள் மாறினால் தோலை அமத்திற இறுக்கமும் மாறும். புதன், வியாழனில் போட்டால் பார்க்கிற நாள் சனி, ஞாயிறில் விழும். யாழ்ப்பாணத்தில் மிருக வைத்தியரை வீட்டுக்குக் கூப்பிடுகிறவை திங்கள், செவ்வாய், வெள்ளியில் போடுவிக்கிறது நல்லது.

கன்று போட்டு ஒரு மாதம் ஆகாத மாட்டுக்கும், ஸ்டீரொயிட் மருந்து ஏறின மாட்டுக்கும், 42 நாளுக்குள் ஏற்கெனவே சோதித்த மாட்டுக்கும் இது உதவாது. நோய் இருந்தாலும் அதுகளுக்குத் தோல் தடிக்காமல் விடலாம்.