ரங்கூன் பிளாட் பால்கனியில கீரை, மிளகா வளர்த்து சந்தை செலவை குறைக்கிறது எப்படி

வீட்ல செடி வைக்கிறதுன்னா நெறைய பேர் முதல்ல தக்காளியில தான் கை வைக்கிறாங்க, அதுல தான் காசு போகுது. தக்காளி இன்லே ஏரி மிதக்குற தோட்டத்துல இருந்து லாரி லாரியா ரங்கூனுக்கு வருது, அதோட பால்கனியில போட்டி போட முடியாது, அதுவும் மழையில இலை கருகி அழுகி தான் போகும். வெங்காயம், உருளைக்கிழங்கு, பூண்டு எல்லாம் சந்தைக்கே விட்டுடுங்க. நீங்க வளர்க்க வேண்டியது தினமும் ஒரு கட்டு ஒரு கைப்பிடின்னு வாங்குற சாமான், வாங்கின மறுநாளே வாடி பாதிய குப்பையில போடுற சாமான். கசூன்னு வாங்குற வள்ளைக்கீரை, சின்பாங்னு வாங்குற புளிச்சக்கீரை, பச்சமிளகா, கறிவேப்பிலை, புதினா, எலுமிச்சம்புல். கரண்டு இப்படி போயி போயி வர்ற ஊர்ல ஃபிரிட்ஜ நம்பி கீரை வாங்கி வைக்க முடியாதுல்ல, செடியிலயே இருந்தா வேணுங்கறப்ப வேணுங்கற அளவு மட்டும் வெட்டிக்கலாம், மிச்சம் வர்றது முக்கியமா இதுல தான்.

தொட்டிக்கு காசு போடாதீங்க. மீன் வர்ற வெள்ளை தெர்மகோல் பெட்டி சந்தையில பழசா கிடைக்கும், கேட்டா சும்மாவே கூட தருவாங்க, நல்லா கழுவி ரெண்டு நாள் வெயில்ல காய வச்சா வாடை போயிடும். அடியில பென்சில் மொத்தத்துக்கு ஆறு எட்டு ஓட்டை போட்டு செங்கல் மேல தூக்கி வைங்க. வள்ளைக்கீரைக்கு மட்டும் அடியில ஓட்டை வேண்டாம், பக்கத்துல அடியில இருந்து ரெண்டு விரல் மேல போடுங்க, அப்ப தான் கீழ கொஞ்சம் ஈரம் நிக்கும், அந்தக் கீரைக்கு அது வேணும்.

எடை விஷயத்த யாரும் சொல்றதில்ல, ஆனா இது ரொம்ப முக்கியம். அறுபது செ.மீ. நீளம் நாப்பது செ.மீ. அகலம் உள்ள பெட்டியில இருபது செ.மீ. உயரத்துக்கு வெறும் மண்ண கொட்டி தண்ணி ஊத்துனா எழுபது கிலோவுக்கு மேலயே வரும், அப்படி அஞ்சு பெட்டிய டவுன்ல இருக்குற பழைய கட்டடத்து பால்கனி நுனியில வரிசையா வச்சீங்கன்னா கீழ நடக்குறவங்களுக்கும் ஆபத்து உங்களுக்கும் ஆபத்து. அதனால சுவர் ஓரமா, உள்பக்கமா வைங்க, மண்ணையும் இலேசா கலக்குங்க. ஒரு பங்கு தோட்டத்து மண்ணு, ஒரு பங்கு மக்குன மாட்டுச்சாணம் இல்லன்னா வீட்டு மக்கு உரம், ஒரு பங்கு கருக்குன உமி. அரிசி மில்லு நெறைஞ்ச நாடு இது, கருக்குன உமி மூட்டை மூட்டையா விலை கம்மியா கிடைக்கும், கருப்பா இருக்கணும், வெள்ளையா சாம்பலா போனது வேண்டாம், அதுல காரத்தன்மை அதிகம், வேருக்கு ஆகாது. உமி எடையே இருக்காது, லிப்ட் இல்லாத வீடுன்னா பால்கனியில இருந்து கயிறு விட்டு பேப்பரும் சாமானும் தூக்குறோம்ல, அதே கயித்துல பைய கட்டி தூக்கிடலாம். கீரைக்கு பதினஞ்சு செ.மீ. ஆழம் போதும், மிளகாக்கு மட்டும் முப்பது செ.மீ.க்கு பக்கமா இருக்கணும், பழைய பெயிண்ட் வாளி அதுக்கு சரியா இருக்கும்.

வள்ளைக்கீரைக்கு விதையே வாங்க வேண்டாம். சமைக்க வாங்குற கட்டுல தண்டு தடிமனா கணு தெளிவா இருக்குறத தனியா எடுங்க, மேல இலைய சட்டியில போட்டுட்டு அடித்தண்ட ஒரு சாண் நீளத்துக்கு, மூணு கணு இருக்குற மாதிரி வெட்டி, ஒரு டம்ளர் தண்ணியில நிக்க வைங்க. தண்ணிய தினம் மாத்துங்க. மூணு நாலு நாள்ல கணுவுல வெள்ளையா நூல் மாதிரி வேர் நீட்டும், அப்ப பெட்டியில சாய்ச்சு ரெண்டு கணு மண்ணுக்குள்ள போற மாதிரி நாலு விரல் இடைவெளியில நடுங்க. ஒரு மாசத்துக்குள்ள முதல் வெட்டு கிடைக்கும். வேரோட பிடுங்காதீங்க, மண்ணுக்கு மேல ரெண்டு கணு விட்டு கத்தியில வெட்டணும், அந்தக் கணுவுல இருந்து தான் அடுத்த தளிர் வரும், ரெண்டு மூணு வாரத்துல மறுபடி வெட்டலாம். ஒவ்வொரு வெட்டுக்கும் ஒரு கைப்பிடி மக்கு உரம் தூவி விடுங்க. நாலஞ்சு வெட்டுக்கு மேல தண்டு நார் ஆயிடும், அப்ப நல்ல துண்ட எடுத்து புதுசா நட்டுக்கலாம். மூணு பெட்டி இருந்து வாரம் ஒண்ணா மாத்தி மாத்தி வெட்டுனா அந்தக் கீரைய சந்தையில வாங்குறது அநேகமா நின்னுடும். இன்னொண்ணு, ஊருக்குள்ள விக்கிற கசூன் எந்தக் குட்டையில, எந்த சாக்கடை ஓரத்துல வெட்டுனதுன்னு நமக்கு தெரியாது, பிள்ளைகளுக்கு குடுக்குறப்ப வீட்டுக் கீரைன்னா மனசு நிம்மதியா இருக்கு.

புளிச்சக்கீரை மே கடைசி, ஜூன்ல மழை பிடிக்கிறப்ப போடணும். விதைய ராத்திரி ஊற வச்சு அரை இஞ்சு ஆழத்துல போடுங்க. ஒரு சாண் வளந்ததும் நுனிய கிள்ளிடுங்க, கிள்ளலன்னா ஒத்தையா ஓடிப்போகும், கிள்ளுனா பக்கக்கிளை வெடிச்சு இலை நெறைய வரும். அஞ்சாறு வாரத்துல பறிக்க ஆரம்பிக்கலாம், மூங்கில் குருத்து, இறால் போட்டு வதக்குனாலும் சரி நம்ம முறையில பூண்டு வரமிளகா போட்டு கடைஞ்சாலும் சரி ஒரு நேரத்துக்கு தாராளமா ஆகும். அக்டோபர் தாண்டி பகல் குறைய ஆரம்பிச்சதும் பூ வைக்கும், இலை சிறுத்துடும், அது நோய் இல்ல அதோட குணமே அது தான், அந்த சிவப்பு புல்லி இதழையும் வீணாக்காம துவையல் அரைக்கலாம்.

மிளகாக்கு ஆறு மணி நேரமாவது வெயில் வேணும். விதை போட்டா காய்க்க மூணு மாசம் ஆகும், பொறுமையா இருங்க. மழைக்காலத்துல கூரை ஓரத்துக்கு நகர்த்தி வைங்க, நேரா மழை அடிச்சா காய்ல புள்ளி விழுந்து அழுகும். இலை சுருண்டா அடியில திருப்பி பாருங்க, பூச்சி இருக்கும், ஒரு லிட்டர் தண்ணிக்கு ஒரு டீஸ்பூன் வேப்பெண்ணெய், கூட துளி சோப்பு, நல்லா குலுக்கி சாயங்காலமா இலை அடிப்பக்கம் நனையுற மாதிரி அடிங்க, வாரத்துக்கு ஒரு தடவ. எலுமிச்சம்புல் வாங்குன தண்டையே தண்ணியில வச்சா வேர் விடும். கறிவேப்பிலை மெதுவா தான் வரும், பெரிய மரத்தடியில முளைக்கிற கன்ன வேரோட யார்கிட்டயாவது கேட்டு வாங்குங்க, முதல் வருஷம் ரொம்ப பறிக்காதீங்க. கொத்தமல்லி நவம்பர்ல இருந்து பிப்ரவரிக்குள்ள மட்டும், வெயில் காலத்துல போட்டா உடனே பூத்துடும்.

வெயிலே விழாத வீடா? அப்ப பாசிப்பயறு முளை போடுங்க. இந்தியாவுக்கே கப்பல் கப்பலா பயறு அனுப்புற நாட்டுல இருந்துகிட்டு முளைப்பயற காசு குடுத்து வாங்க வேண்டாம். எட்டு மணி நேரம் ஊற வச்சு, ஓட்டை போட்ட டப்பாவுல கொட்டி, ஈரத்துணி போட்டு இருட்டுல வைங்க, ஒரு நாளைக்கு நாலு தடவ தண்ணி விட்டு வடிங்க, மூணு நாலு நாள்ல நீளமா வந்துடும். தஜான், அதான் ஏப்ரல்ல வர்ற தண்ணித் திருவிழா, அந்த சமயத்து வெக்கையில தண்ணி விடறது ஒரு தடவ தப்புனாலும் வழவழன்னு ஆயிடும், அப்படி ஆனத சாப்பிடாதீங்க, நல்லா வந்ததையும் வதக்கி தான் சாப்பிடணும்.

தண்ணிக்கு, மோட்டார் ஓடாத நாள்ல அரிசி களைஞ்ச தண்ணி, காய் கழுவுன தண்ணியே போதும். மீன் கழுவுன தண்ணி நல்ல உரம், ஆனா மேலாக்க ஊத்துனா எலி வரும், மண்ண கிளறி உள்ள ஊத்தி மூடுங்க. ஙப்பி (உப்பு போட்டு புளிக்க வச்ச மீன், இறால் விழுது) கழுவுனது, கருவாடு ஊறுனது எதையும் ஊத்தாதீங்க, உப்பு செடிய கொன்னுடும். மழைத்தண்ணி பிடிக்கிற டிரம்முக்கு மேல கொசுவலைத் துணிய இறுக்கி கட்டுங்க, செடிக்கு கீழ தட்டு வச்சிருந்தா அதுல மணல் நிரப்பி விடுங்க, மழைக்காலம் தான் டெங்கு காலம், கீரைக்காக பிள்ளைய ஆஸ்பத்திரியில படுக்க வைக்க முடியாது. கீழ் வீட்டு துணி மேல மண்தண்ணி சொட்டாம இருக்கவும் அந்த மணல் தட்டு தான் உதவும்.

நவம்பர்ல ரெண்டு புளிச்சக்கீரை செடிய இலை பறிக்காம அப்படியே விட்டுடுங்க. புல்லி இதழுக்கு உள்ள இருக்குற காய் பழுப்பாகி வெடிக்க ஆரம்பிச்சதும் பறிச்சு, நிழல்ல காய வச்சு, விதைய ஈரமில்லாத கண்ணாடி பாட்டில்ல போட்டு மூடி, மேல மாசத்த எழுதி வைங்க, அடுத்த மே மாசத்துக்கு விதைக்கு காசு குடுக்க வேண்டியதில்ல, அக்கம்பக்கத்துல கேக்குறவங்களுக்கும் ஒரு பிடி குடுக்கலாம்.