ஓவர்டைம் நின்ற மாதம் செய்ய வேண்டியவை

ஆம்பூர், பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை பக்கம் ஏற்றுமதி ஷூ கம்பெனி சம்பளத்தில் ஓடும் வீடுகளுக்குத் தொழில் மந்தம் வருவது டிவி செய்திக்கு முன்பே தெரிந்துவிடும், ஓவர்டைம் நிற்கும், அவ்வளவுதான். 2008-ல் அமெரிக்காவும் ஐரோப்பாவும் சரிந்தபோது எங்கள் வீட்டில் அப்படித்தான் தெரிந்தது. 2025 ஆகஸ்டில் இந்தியச் சரக்குக்கு அமெரிக்கா 50 சதவீத வரி போட்டபோது அதே பயம் திரும்ப வந்தது.

பயத்தில் கண்ணுக்குத் தெரிகிற செலவில்தான் முதலில் கை வைப்போம். 2008-ல் நாங்கள் பாலைப் பாதியாக்கினோம், டியூஷனை நிறுத்தினோம். ஆனால் ஓவர்டைமை நம்பிச் சேர்ந்த பெரிய ஏலச் சீட்டை அப்படியே விட்டுவிட்டோம், நாலாவது மாதம் அம்மாவின் வளையல் அடகுக்குப் போனது. பாலை நிறுத்தி மிச்சமானது சீட்டுத் தவணையில் ஒரு மூலைக்குக்கூட வரவில்லை.

அதனால் முதலில் சம்பளச் சீட்டை எடுத்து, ஓவர்டைமைக் கழித்து, கைக்கு வருவதை மட்டும் எழுதுங்கள். அதற்குக் கீழே சீட்டு, வண்டித் தவணை, குழுக் கடன் என்று மாதாமாதம் கட்டியே ஆக வேண்டியதை எழுதுங்கள். இது கைக்கு வருவதில் பாதியைத் தாண்டினால் கை வைக்க வேண்டிய இடம் அதுதான், சாப்பாடும் ஸ்கூல் ஃபீஸும் கடைசி.

சீட்டை இன்னும் எடுக்கவில்லை, கட்டவும் முடியாது என்றால் தவணை தவறும் முன்பே போய்ப் பேசுங்கள். பதிவு பெற்ற சீட்டில், கட்ட முடியாதவர் இடத்தில் வேறு ஆளைச் சேர்க்க 1982 சீட்டு நிதிச் சட்டத்தில் வழி இருக்கிறது, தெரிந்தவர் நடத்தும் வீட்டுச் சீட்டில் அவர் வாக்கு மட்டும்தான். கட்ட முடிகிறவர்கள் அவசரப்பட்டு ஏலம் கேட்காதீர்கள், பணமுடை நாளில் எல்லாரும் முட்டிமோதுவதால் தள்ளு, அதாவது சீட்டை எடுக்க விட்டுக்கொடுக்கும் தொகை, அதிகமாகப் போகும், அது மற்றவர்களுக்குப் பிரிவதால் பொறுத்திருப்பவருக்குத்தான் லாபம்.

அப்புறம், கையிருப்புக்கு மாதாமாதம் கட்டிச் சேர்க்கும் போஸ்ட் ஆபீஸ் ஆர்.டி. நல்லது. மாதம் 100 ரூபாயிலேயே ஆரம்பிக்கலாம், 12 தவணை ஒழுங்காகக் கட்டியிருந்தால் இருப்பில் பாதி வரை கடன் கிடைக்கும், நகையைத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டாம்.

ஆர்டர் திரும்பியதும் பயம் போய்விடும், புது வண்டி கண்ணுக்குத் தெரியும். அந்த நேரத்தில்தான் பிடிவாதம் வேண்டும். ஓவர்டைம் பணத்தைத் தனியாக எடுத்து வையுங்கள், மூன்று மாத வீட்டுச் செலவு சேரும் வரை அதை நம்பிப் புதுத் தவணை எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள்.