அதே இருபது பாட்டிலிருந்து தப்பிய கதை

கொழும்பில் 100ஆம் நம்பர் பஸ்ஸில் வகுப்புக்குப் போகும்போதுதான் நான் பாட்டுக் கேட்பது. செயலியோ மூன்று மாதமாக அதே இருபது பாட்டைச் சுத்திச் சுத்திப் போட்டது. ஃபோனில் அது சேமித்து வைத்த தற்காலிகத் தரவை (கேஷ்) அழித்தும் சரிவரவில்லை. பிழை என்னில்தான்: படிக்கும்போது ஒரே லிஸ்ட்டை இரவிரவாக ஓடவிட்டால் அது வேறென்ன நினைக்கும்?

இப்போது படிக்கிற நேரம் பிரைவேட் செஷன்; அதில் கேட்பதை வைத்துச் செயலி என் ரசனையைக் கணிக்காது. தானாக அடுத்த பாட்டைப் போடும் ஓட்டோபிளே நிறுத்தம். பிடித்த பாட்டின் கிரெடிட்ஸைத் திறந்து, பேஸ் கிட்டார் வாசித்தவர், மிக்ஸிங் செய்தவர் என்று பெயர்களைப் பிடித்துக்கொண்டு அவர்களுடைய வேறு பாட்டுகளுக்குத் தாவுகிறேன். அப்படித்தான் இலங்கையின் துள்ளலிசையான பைலாவின் 6/8 தாளத்தில் விழுந்தேன். அப்பா சிரித்தார்: "ஏ.ஈ. மனோகரனை இப்பதான் கண்டுபிடிச்சியா?" அந்தப் பொப் பாடகரிடமிருந்து இன்னொரு பொப் பாடகர், நித்தி கனகரத்தினம். அவருடைய ‘சின்ன மாமியே’ முடிவதற்குள் இறங்கவேண்டிய பம்பலப்பிட்டி போய், கொள்ளுப்பிட்டி வந்துவிட்டது.